அலையரசன் காலமானார்

மிரோஜனுக்குப் பதினாறு வயது. கணக்குப் பாடம் உள்ள நாள்களில் ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடம் அவனைக் காணாது. கண்ட நாள்களில் கணக்குக் கொப்பியில் படம் கீறிக்கொண்டிருப்பான். 2003இல் ஐந்து மாயவீரர்கள் அவன் பொறுப்பில் இருந்தார்கள். மச்சான் ஷாருஜன் பிரான்சுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன படக்கதை அது. பன்னிரண்டு கொப்பி. ஐவரும் பறப்பார்கள், அடிப்பார்கள், வெல்வார்கள்.

“இவைக்கு ஒருநாளும் தடிமன் காய்ச்சல்கூட வராதோ?” என்று வகுப்பில் சதீசன் கேட்டான்.

நியாயமான கேள்வி. மிரோஜன் கீறிய பதின்மூன்றாம் கொப்பியில் வீரர்கள் பறப்பதற்கு முன் கடற்படையிடம் பாஸ் எடுக்க வரிசையில் நின்றார்கள். நெருப்புத் துப்புகிறவன் குடித்துவிட்டு மனைவிக்கு அடித்தான். தலைவன் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தான். கொப்பி கைமாறிக் கைமாறி மூலை கிழிந்தது. உற்சாகம் ஏறி, தண்ணீருக்குள் மூச்சுவிடும் அலையரசனைக் கடலிலேயே சாகடித்தான் மிரோஜன்.

அதோடு விட்டிருக்கலாம். கறுப்புக் கரை போட்டு, ‘அலையரசன் காலமானார்’ என்று மரண அறிவித்தல் எழுதித் துறைமுக மதிலிலும் ஒட்டினான். அதற்கு முகம் வேண்டுமே? சின்ன வயதில் தன்னைத் தோளில் ஏற்றிப் பெருநாள் சுற்றுப்பிரகாரம் காட்டிய யாரோ ஒருவரின் முகம் கைக்கு வந்தது: நாடியில் வெட்டுத் தழும்பு, இடப்பக்கம் சரிந்த சிரிப்பு. அது யார் என்று யோசிக்கவில்லை.

ஊருக்கு யோசிக்கத் தேவைப்படவில்லை. அலையரசன் என்பது பட்டப்பெயராக்கும் என்று நினைத்து, மத்தியானமே செத்தவீட்டுக்குக் கொண்டுபோகும் தேயிலையும் சீனியுமாக அல்போன்சம்மா வீட்டுக்கு ஆட்கள் போகத் தொடங்கினார்கள். அந்த முகத்துக்காரன், அவளுடைய புருசன் எமிலியானுஸ், நாலு வருசத்துக்கு முன் தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகும் இல்லை, உடலும் இல்லை. அவள் வெள்ளை உடுத்தவில்லை. இறந்தவர்களின் பூசைக்குப் பெயர் கொடுக்கவில்லை. கடலுக்குப் போனவர்களுக்கான மன்றாட்டில்தான் ஞாயிறுதோறும் அவன் பெயர்.

அறிவித்தலைக் கிழித்து எடுத்துக்கொண்டு அவள் மிரோஜன் வீட்டுக்கு வந்தாள்.

“ஆரடா இதைக் கீறினது?”

“நான்தான், அன்ரி. சும்மா பகிடிக்கு.”

“அந்தாள் செத்ததெண்டு உனக்கு ஆர் சொன்னது?”

மிரோஜன் உள்ளே போனான். பதின்மூன்றாம் கொப்பியோடு வந்து நீட்டினான். அவள் கதிரையில் இருந்துகொண்டு கடைசிப் பக்கம் வரை வாசித்தாள்.

“மற்ற நாலு பேரும் தேடிப் போகேல்லையோ?”

“பாஸ் குடுக்கேல்லை, அன்ரி.”

“பறக்கிற ஆக்களுக்குப் பாஸ் என்னத்துக்கு?”

தேயிலை கொண்டுபோன வீடுகளுக்கெல்லாம் மிரோஜன் நடந்துபோய், பகிடி தன்னுடையது என்று சொன்னான். ஒவ்வொரு வாசலிலும் ஏச்சு விழுந்தது. ஒரு வாசலில் அறையும் விழுந்தது.

பதினான்காம் கொப்பியில் அலையரசன் உயிர்த்தெழவில்லை. காட்டிக்கொடுத்த தலைவன்தான் முதலில் வரிசையை விட்டு விலகிப் பாஸ் இல்லாமல் பறந்தான். மற்ற மூவரும் பின்னால் போனார்கள். பிறகு பக்கம் பக்கமாகக் கடல்.

“அடிபாடு எங்கையடா?” என்றான் சதீசன்.

“நாலு பேரும் தேடிக்கொண்டிருக்கினம்.”

“எப்ப கண்டுபிடிப்பினம்?”

“உனக்கென்ன அவசரம்? நீ கணக்கைச் செய்.”

ஞாயிறு பூசை முடிந்ததும் அல்போன்சம்மா கொப்பியை வாங்கிப் பார்த்தாள். விரலால் கீறிய கடலின் ஒரு மூலையைத் தொட்டாள்.

“நெடுந்தீவுக்கு மேற்காலை இன்னும் பாக்கேல்லை.”

“ஓம், அன்ரி. கிழமைக்குள்ளை போவினம்,” என்றான் மிரோஜன். நீலப் பென்சில் விரல்நுனி அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதைச் சீவத் தொடங்கினான்.