கற்பூரப் புகை என்று நினைத்தேன்

கற்பூரம் மணக்கும்போதெல்லாம் அந்தப் பௌர்ணமி எனக்குள் திரும்பி வருகிறது. கிரிவலப் பாதையில் தங்கை மல்லிகா சட்டென்று நின்றாள். பிறவியிலிருந்தே அவளுக்கு அரிவாள் செல் ரத்தசோகை; ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் நோய்.

"அண்ணா, கண்ணுல கொசு மாதிரி என்னமோ பறக்குது."

"கற்பூரப் புகைம்மா. மூஞ்சி கழுவிக்கோ."

தூரத்து பஸ்ஸின் போர்டை அவள் கடகடவென்று படித்துக் காட்டினாள். எனக்கு நிம்மதி. ஆனால் மறுநாளும் கொசுக்கள் பறந்தன.

கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும் விழித்திரையைப் படம் எடுத்தார். அதன் ஓரத்தில் சிவப்பு விசிறி போல ஏதோ விரிந்திருந்தது. இத்தனை அழகான ஒன்றா பார்வையைப் பறிக்கும்?

"வளைஞ்ச அணுக்கள் ரத்தக்குழாயை அடைச்சதால புதுசா முளைச்ச குழாய்ங்க. ரத்தம் கசியுது. ஓரத்துல இருக்கறதால நேர்ப் பார்வை கெடாது, பஸ் போர்டெல்லாம் நல்லாத் தெரியும். விட்டிருந்தா பார்வையே போயிருக்கும்" என்றார். லேசர் சிகிச்சையில் கண் பிழைத்தது.

இப்போதெல்லாம் பார்வை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வருடம் தவறாமல் நானே அவளை விழித்திரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன். இந்த முறை பரிசோதனை முடிந்து, கூட்டிப் போக வந்த கணவரோடு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறியவள் ஜன்னல் வழியே கத்தினாள்:

"அடுத்த வருஷமும் நீயே வாண்ணா! மருந்து ஊத்துனா உன் மூஞ்சி மங்கலாத் தெரியுது, பார்க்க நல்லாத்தான் கீது!"