கதவில்லாத குடிசையும் ஓர் எலியும்

என் தம்பி ரவிரி பிளஃப் துறைமுகத்தில் சிப்பி அள்ளும் படகில் வேலை செய்தவன். அதிகம் பேச மாட்டான். தவறு செய்தால் அதை மறைக்கவும் மாட்டான். அவன் அக்கா என்பதால் இதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

உலகின் தென்கோடிக் கடலில், ரகியுரா என்ற பெரிய தீவுக்குத் தென்மேற்கே உள்ள சிறு தீவுகளில் ஒன்றில் எங்கள் குடும்பத்துக்கு நிலம் உண்டு. அங்கே யாரும் குடியிருப்பதில்லை. சுற்றிலும் செங்குத்துப் பாறை, ஓயாத காற்று, காலை வைத்தால் புதைகிற கரிய மண். அந்த மண்ணில் தீத்தி என்னும் கடற்பறவைகள் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் நாங்கள் போய்க் கொழுத்த குஞ்சுகளைப் பிடித்து உப்பிட்டு வாளிகளில் அடைத்து வருவோம். ரத்த வழியில் வந்தவர்களுக்கே அந்த உரிமை. அவரவர் நிலத்து வளையில் அவரவர்தான் கையை விடலாம்.

கரையிறங்கியதும் எந்த மூட்டையையும் குடிசைக்குள் கொண்டுபோய், கதவை அடைத்த பிறகுதான் பிரிக்க வேண்டும். உள்ளே எலி இருந்தால் அங்கேயே அடித்துவிடலாம். முன்பு ஒரு தீவில் எலி புகுந்து, சில பறவை இனங்கள் உலகத்திலேயே இல்லாமல் போயின.

அந்த வருடம் நாங்கள் போனபோது, புயல் எங்கள் குடிசைக் கதவைப் பிய்த்து எறிந்திருந்தது. மழை கொட்டியது. ரவிரியின் மனைவி லொரெயினுக்கு இடுப்பு வலி. அவளுடைய மெத்தை நனைந்துவிட்டதோ என்று பார்க்க, அவன் வெளியே கூரைச்சரிவின் கீழேயே மெத்தைச் சுருளின் கட்டை அவிழ்த்தான். சுருளுக்குள்ளிருந்து ஓர் எலி பாய்ந்து புதருக்குள் ஓடியது.

அவனைத் தவிர யாரும் பார்க்கவில்லை. நான் வாளிகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன். அன்று மாலை எல்லாத் தீவுக் குடும்பங்களும் ரேடியோவில் பேசும் நேரம் வந்தது. அவன் ஒலிவாங்கியை எடுத்து, "நம்ம தீவுல எலி எறங்கிடுச்சு. என் மூட்டையிலருந்துதான். வெளியில வச்சுப் பிரிச்சேன்," என்றான்.

 முதலில், அதே தீவில் வடக்குப் பக்கத்து நிலக்காரர் பரானி மாமாவின் குரல் வந்தது.

"ஏன்டா, எலியப் பாத்தியா, இல்ல உன் பொண்டாட்டி செருப்பப் பாத்தியா?"

"எலிதான் மாமா."

"அப்ப நல்லாக் கேட்டுக்கோ. என் நிலத்துல ஒரு குஞ்சு கொறஞ்சாலும் உன்னத்தான் உப்புல ஊறப் போடுவேன்."

அவர் வேடிக்கையாகப் பேசவில்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது.

எங்கள் தீவிலிருந்த எல்லாக் குடும்பமும் பொறி வைத்தது. எலிகள் கடித்தால் பல் பதியும்படி மெழுகுக் கட்டிகளை மரந்தோறும் ஆணியடித்தோம். பருவம் முடியும்வரை எதுவும் சிக்கவில்லை. ஆனால் இரண்டு மெழுகுகளில் பல் தடம் இருந்தது.

படகு வந்தபோது ரவிரி ஏறவில்லை. பருவம் முடிந்த பிறகு தீவில் தங்கக் கூடாது என்பது வழக்கம். பெரியவர்களிடம் கேட்டு அவன் முன்பே அனுமதி வாங்கியிருந்தான்.

"சிப்பிப் படகுல உன் எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க," என்றேன்.

"குடுக்கட்டும்க்கா."

லொரெயின் எங்கள் ரத்தமில்லை. அவள் பாறையில் நின்று கத்தினாள். "இந்தத் தீவுல எனக்கு ஒரு வளை கூடக் கெடையாது. கவலைல மட்டும் முழுப் பங்கு! இரு, இருந்து எலியோடயே குடும்பம் நடத்து!" கத்திவிட்டுத் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவன்மேல் எறிந்தாள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீளும் அந்தக் குளிர்காலத்தை நான் ரேடியோ வழியாகத்தான் அறிவேன். காலையில் தெற்கு முனை, மதியம் பாறை விளிம்பு, பிறகு வடக்கு. ஒவ்வொரு பொறியிலும் இரையை மாற்ற வேண்டும். பனிமழை பெய்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போவானாம். அவன் குரல் நாளுக்கு நாள் மெலிந்தது. சில மாலைகளில் "இருக்கேன்க்கா" என்பதோடு சரி.

ஜூலையில் பரானி மாமாவின் குடிசைக்குப் பின்னால் ஓர் ஆண் எலி பொறியில் செத்துக் கிடந்தது. ரேடியோவில் எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள்.

"கெளம்பி வாடா, படகு அனுப்புறேன்," என்றார் பரானி மாமா.

"இன்னொண்ணு இருந்தா?"

"ஒண்ணுன்னு நீதானடா சொன்ன?"

"நான் பாத்தது ஒண்ணு மாமா."

படகு வந்தது. அவனுக்கு மாவையும் மருந்தையும் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பியது. செப்டம்பர் கடைசியில் வடகடலிலிருந்து பறவைகள் வந்து இறங்கும்வரை அவன் அங்கேயே இருந்தான். வீட்டுக்கு வந்தபோது பாதி உடம்பாக இருந்தான். வலது தோளை உயர்த்த முடியவில்லை. சிப்பிப் படகில் அவன் இடத்தில் வேறொருவன் இருந்தான். இவனுக்குத் துறையில் வலை தைக்கிற வேலைதான் கிடைத்தது.

மறு ஏப்ரலில் மீண்டும் போனோம். பரானி மாமாவும் நானும் தீவு முழுக்க நடந்து மெழுகுகளைப் பார்த்தோம். பாசி படிந்திருந்தன. ஒன்றில்கூடப் புதிதாகப் பல் படவில்லை. எங்கள் நிலத்தில் முதல் வளையில் ரவிரிதான் கையை விட வேண்டும். தோள் இடம் கொடுக்கவில்லை. நானும் அதே ரத்தம்தானே, மண்டியிட்டுத் தோள்வரை கையை நுழைத்தேன். வெதுவெதுப்பாக, கொழுகொழுவென்று ஒரு குஞ்சு. விரலைக் கொத்தியது.

"இருக்காடா?" என்று மேட்டிலிருந்து மாமா கத்தினார்.

"இருக்கு," என்றான் தம்பி.

"இனி எலி கெடையாதுதான?"

அவன் மரத்திலிருந்த மெழுகை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "இந்த வருஷம் இல்ல மாமா."

மாமா திட்டிக்கொண்டே இறங்கி வந்தார். எங்கள் நிலத்து வளைகளில் அவர் கையை விடக்கூடாது. அதனால் நான் பிடித்துப்போட்டதையெல்லாம் மூட்டையாகக் கட்டித் தன் முதுகில் குடிசைவரை சுமந்தார். அங்கே ரவிரி இறகு பிடுங்க உட்கார்ந்தான். பாதியிலேயே, குஞ்சு மடியில் கிடக்க, தூங்கிப்போனான். லொரெயின் அவனை எழுப்பவில்லை. மடியிலிருந்ததை எடுத்து, சூடு ஆறுவதற்குள் மீதி இறகையும் பிடுங்கி முடித்தாள்.