வானத்திலும் வண்டி இழுத்தவர்

ரோட்டில் நின்றுபோன வண்டிகளைக் கொக்கி மாட்டி இழுத்து வருவதுதான் அவர் வேலை. லாரியோ காரோ, எங்கே மக்கர் பண்ணினாலும் முதல் போன் அவருக்குத்தான். அதனால் எல்லோருக்கும் அவர் இழுவைக்காரர். கோபமே வராத மனுஷன். ஆனால் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான், அவருடைய கிரேனே வந்தாலும் அவரை அசைக்க முடியாது.

இடுப்பு பிடித்துக்கொண்டு வீட்டோடு கிடந்தபோது மச்சினன் கம்ப்யூட்டரில் ஒரு ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தான். ஆகாயத்தில் கப்பல் ஓட்டுகிற ஆட்டம். எந்த மூலையில் இருப்பவரும் அந்த ஒரே வானத்தில் ஓட்டலாம், காதில் மாட்டிக்கொண்டு பேசலாம். முதலில் கப்பலைத் துறையை விட்டு வெளியே எடுக்கவே தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க நாதியில்லை, எழுத்தெல்லாம் கடுகு கடுகாக இருந்தது. "இதைச் செஞ்சவனுக்குக் கண்ணு ரொம்ப நல்லா இருக்கும்போல" என்று திட்டிக்கொண்டே முட்டி மோதினார். வெளியே வந்து பார்த்தால், ஒரே கறுப்பு, கீழே ஒரு கிரகம் மெல்லப் புரள்கிறது. ஹாரன் அடிக்க ஆளில்லாத ரோட்டை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"இப்போ எங்க போய்க்கிட்டிருக்கீங்க?" என்பாள் மனைவி, தையல் மெஷினை நிறுத்தாமல்.

"ஒரு நிலாவைத் தாண்டி."

"திரும்பி வரும்போது ஒரு நூல்கண்டு வாங்கிட்டு வந்துடுங்க."

அங்கே ஒரு கூட்டம் அவரைச் சேர்த்துக்கொண்டது. தலைவி ஒரு நர்ஸ். மற்றவர்களுக்கு அவள் அக்கா. யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. மாதக்கணக்காகப் பாறை குடைந்து, இரும்பு சேர்த்து, எல்லோருமாக ஒரு பெரிய சரக்குக் கப்பல் கட்டினார்கள். அந்த ஆட்டத்தில் போனது போனதுதான், உடைந்த கப்பல் திரும்பி வராது. அதுதான் அதன் அருமையே. செத்த மறுநிமிஷம் எழுந்து நிற்கிற ஆட்டத்தில் யாருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்?

நிதானமான கை என்று நம்பி அந்தக் கப்பலைத் தூரத்துத் துறைக்கு ஓட்டிப்போக அவரிடம் கொடுத்தாள் அக்கா. "அண்ணே, வழியில யாருக்காகவும் நிறுத்தக் கூடாது. உங்க அப்பாவே கூப்பிட்டாலும் சரி."

"சரிம்மா."

பாதி வழியில் ஒரு குரல் வந்தது. "யாராவது இருக்கீங்களா? எரிபொருள் தீர்ந்துபோச்சு. காத்தும் குறையுது."

அக்கா சொன்னது மறக்கவில்லை. ஆனால் இத்தனை வருஷமும் இப்படி ஒரு குரல் கேட்டால் சோற்றுத் தட்டை விட்டு எழுந்து ஓடியவர் அவர். "பதறாதீங்க தம்பி. என்ன விளக்கு எரியுது? தனியாவா இருக்கீங்க?" என்று வழக்கம்போல் விசாரித்தார். அந்த ஆள் கொஞ்சம் தடுமாறினான். "சிவப்பு எரியுதுண்ணே. தனியாத்தான்." பாவம், பயந்துபோயிருக்கிறான் என்று நினைத்து நிறுத்தினார்.

பாறைக்குப் பின்னாலிருந்து நாலைந்து கப்பல்கள் பாய்ந்தன. கண் மூடித் திறப்பதற்குள் சரக்குக் கப்பல் சுக்குநூறு. "மன்னிச்சுக்கோங்கண்ணே, ஆட்டமே இப்படித்தான்" என்றது அதே குரல். உண்மைதான், அங்கே இது குற்றமே இல்லை, கேட்பாருமில்லை. ஆனாலும் உதவ நின்றவரை அடித்தது அடித்ததுதான்.

காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மெஷின் நின்றது.

"பொம்மைக் கப்பல்தானே, அதுக்கு ஏன் இப்படி?"

"கட்டினவங்க பொம்மை இல்லையே."

"அப்போ போய்ச் சொல்லுங்க. ஒளிஞ்சுக்கிட்டா அது இன்னும் அசிங்கம்."

சொன்னார். கூட்டத்தில் ஒரு கொத்தனார் உண்டு, அவர் பொரிந்து தள்ளினார். "காதுல என்ன பஞ்சா வச்சிருந்தீங்க? அத்தனை பேர் உழைப்பும் போச்சே."

அக்கா கேட்டாள். "மறுபடி அப்படி ஒரு குரல் வந்தா என்ன பண்ணுவீங்கண்ணே?"

இனிமேல் நிறுத்த மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தைக்குத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நிறுத்துவேன்மா. அதனால பெரிய கப்பலை என்கிட்டக் கொடுக்காதீங்க. நான் கூட்டத்துலயே வேண்டாம்னாலும் சரி, போயிடறேன்."

கடைசியில் கொத்தனார்தான் தொண்டையைச் செருமினார். "முன்னாடி நான் காத்தில்லாம கிடந்து கத்தினப்போ ஒருத்தனும் வரலை. இப்படி ஒரு லூசு வந்திருந்தா என் கப்பலாவது மிஞ்சியிருக்கும்."

இப்போது இழுவைக்காரருக்கென்று ஒரு குட்டிக் கப்பல் இருக்கிறது, எரிபொருள் தொட்டியோடு. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகிறார். பாதி பொய்யாகத்தான் இருக்கும், இருந்தாலும் போகிறார். கொத்தனார் முன்னால் பறந்து ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் எட்டிப் பார்க்கிறார், வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு.

"மெதுவா வாங்கண்ணே. நான் பார்த்து முடிச்சுடறேன்."

"பாருங்க, பாருங்க. அதுவரைக்கும் நான் கூப்பிட்டவர்கிட்டப் பேசிக்கிட்டிருக்கேன்."