மெதுவாகப் பேசத் தெரியாத இசக்கிமுத்து

இசக்கிமுத்துவை எங்கள் குழுவிலிருந்து வெளியே அனுப்ப வேண்டும் என்று முதலில் சொன்னவன் நான்தான். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதுவது நியாயமாகாது. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சாமியப்பன். திருப்பூர் நெருப்பெரிச்சலில் பட்டன், ஜிப், தையல் நூல் விற்கிற கடை வைத்திருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டு நாலு அடி நடந்தால் பூட்டினோமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். பூட்டியிருக்கும். மறுபடி நாலு அடி, மறுபடி சந்தேகம். ஏழு தடவை இழுத்தால்தான் வீட்டுக்குப் போக மனசு விடும். நடுவில் யாராவது வணக்கம் வைத்துவிட்டால் எண்ணிக்கை தப்பிவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, கூடவே ஒரு குழுவுக்கும் போகச் சொன்னார். மனசில் சங்கடம் உள்ள ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூடி உட்கார்ந்து அவரவர் கஷ்டத்தைப் பேசிக்கொள்வார்கள். கிட்டுசாமியின் பேக்கரிக்கு மேலே, தையல் வகுப்பு நடக்கிற அறையில். சித்ரகலா என்ற ஆலோசகர் நடத்துகிறார். அங்கே முக்கியமான சட்டம் ஒன்றுதான்: இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டக் கூடாது.

அந்த அறைக்குத்தான் இசக்கிமுத்து வந்து சேர்ந்தார்.

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் திருப்பூருக்கு வந்தவர். முப்பது வருடமாக நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். பனியன் துணி பின்னுகிற அந்த மெஷின்களுக்கு நடுவே நின்றால் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், வெளியே வந்ததும் குறைத்துக்கொள்வார்கள். இசக்கிமுத்துவுக்கு அந்தக் குறைக்கிற இடத்தில்தான் ஏதோ பழுது. உப்பு டப்பா எங்கே என்று அவர் வீட்டிலிருந்து கேட்டால், ரேஷன் கடை வரிசையில் நிற்கிற அவர் மனைவி சின்னத்தாய் அங்கிருந்தே பதில் சொல்வாராம்.

அவருடைய கஷ்டம் நெஞ்சில். வேலை நாளில் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இன்றோடு கதை முடிந்தது என்று தோன்றும். மூன்று தடவை ஈசிஜி எடுத்தார்கள், மூன்றிலும் ஒரு குறையும் இல்லை. மந்திரித்த கயிறு கட்டிப் பார்த்தார். பூங்காவில் சிரிப்பு கிளப்பில் சேர்ந்து இரண்டு நாள் சிரித்தார். இரண்டாம் நாள் அவர் சிரித்த சிரிப்பில், கைத்தடி ஊன்றி நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் தடியைப் போட்டுவிட்டு ஓடினார். கிளப்பின் பலனைப் பார்த்தீர்களா என்று இசக்கிமுத்து கேட்டார், அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்கள். நாலாவது ஈசிஜிக்குப் போனபோதுதான் டாக்டர், இது இதயம் இல்லை, பயம் என்று சொல்லி எங்கள் குழுவின் முகவரியைக் கொடுத்திருக்கிறார்.

எங்களுக்குச் சித்ரகலா மேடம் ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்திருந்தார். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்லி முடித்ததும், கேட்டவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். நாம் சொன்னது இன்னொருவர் காதில் விழுந்தது என்று தெரிந்தாலே பாதிப் பாரம் குறையும் என்பார். நல்ல பழக்கம்தான். இசக்கிமுத்து அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

அவர் வந்த முதல் ஞாயிறு நான் என் பூட்டுக் கதையை முணுமுணுப்பாகச் சொன்னேன். மூன்று மாதம் தயங்கி அன்றுதான் வாயைத் திறந்திருந்தேன். இசக்கிமுத்து கண் கலங்கக் கேட்டார். பிறகு திருப்பிச் சொன்னார்.

"அப்போ நீங்க பூட்டின கடையவே ஏழு தடவ இழுத்து இழுத்துப் பாக்கீங்க, யாராச்சும் வணக்கம் போட்டா மறுபடியும் ஒண்ணுலேர்ந்து எண்ணுதீங்க, அதான அண்ணாச்சி?"

கீழே பேக்கரியில் டீ ஆற்றுகிற சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

மறுநாள் காலை கிட்டுசாமி என்னைப் பார்த்து, "ஏனுங்க, பூட்டியாச்சுங்களா?" என்றார். அதற்கு மறுநாளும் கேட்டார். தெருவில் போகிறவர்கள் வேண்டுமென்றே வணக்கம் வைக்கத் தொடங்கினார்கள். ஒருநாள் மாலை ஐந்து பேர் வரிசையாக நின்று வணக்கம் வைத்ததில் நான் வீடு போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிட்டது.

என் கதை மட்டும் என்றில்லை. ஞாயிறு நாலு மணி ஆனால் கிட்டுசாமி பேக்கரியில் உட்கார இடம் கிடைக்காது. பத்து நாற்காலி கூடுதலாகப் போட்டார். பப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல், அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். முனவர் பேகம் என்று ஓர் அம்மா, துணி கட்டிங் வேலை பார்க்கிறவர், எங்கள் குழுவில் இருந்தார். ஏற்கெனவே வாயைத் திறக்காதவர், இதற்குப் பிறகு மூச்சுவிடுவதையே குறைத்துக்கொண்டார். இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில், ஒன்று அவர் இருக்கட்டும், இல்லையென்றால் நாங்கள் இருக்கிறோம் என்று நேராகவே சொல்லிவிட்டேன். இசக்கிமுத்து கோபப்படவில்லை. வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பேசிப் பார்த்தார். ரகசியம் பேசுவது போல முயன்றார். அவருடைய ரகசியம் நம்முடைய பொதுக்கூட்டம். ஒரு வாரம் யோசிக்கலாம் என்று சித்ரகலா மேடம் சொன்னார். இசக்கிமுத்து படியிறங்கிப் போனபோது கீழே ஒருவர் கூட அவரைக் கிண்டல் செய்யவில்லை, அது மட்டும் எனக்கு உறுத்தலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சின்னத்தாய் என் கடைக்கு வந்தார். நூல் கண்டு வாங்குவது போல நின்று, நாலைந்து நிறங்களை எடுத்துப் பார்த்து, எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா அவுகளுக்கு வீடு அமைதியா இருக்கக் கூடாது. வெறும் மிக்ஸியப் போட்டுவிட்டுட்டு அது பக்கத்துல தலையணையப் போட்டுப் படுத்துக்கிடுவாக. ரெண்டு மிக்ஸி புகைஞ்சு போச்சு. உங்க கூட்டத்துக்கு வர ஆரம்பிச்ச பொறவுதான் மூணு வாரமா மிக்ஸிய எடுக்கல, தூங்குதாக. இந்த வாரம் மறுபடியும் மிக்ஸிய எங்க வச்சிருக்கன்னு கேக்காக."

இருபது வருடமாக நூல் விற்கிறேன், யாரும் என் கடையில் நின்று என்னை இப்படி வெட்கப்பட வைத்ததில்லை. என் பூட்டைப் பற்றித் தெரு சிரித்தது, அவ்வளவுதான் என் நஷ்டம். அந்த மனிதனுக்கு அந்த ஒரு மணி நேரம் போனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டுவதே பாடு. அவருக்குச் சத்தம் வேண்டும், எங்களுக்கு நாங்கள் பேசுவது வெளியே கேட்கக் கூடாது. மிக்ஸியை நினைத்துக்கொண்டே நாலு தடவை பூட்டை இழுத்தபோது எனக்கு வழி புலப்பட்டது. மீதி மூன்றை அன்று மறந்தே போய்விட்டேன்.

அவர் வேலை செய்கிற கம்பெனி சின்னது, இரண்டே மெஷின். ஞாயிறு பூட்டிக் கிடக்கும். அதில் ஒன்று பழைய மெஷின், அது ஒன்று ஓடினாலே நாலு ஓடுகிற சத்தம். அதன் பக்கத்தில் கூட்டம் போட்டால் நாங்கள் பேசுவது வெளியே கேட்காது. முதலாளியிடம் இசக்கிமுத்துவே போய்ப் பேசினார். மிச்ச நூலைப் போட்டு மெஷின் ஊசிகளைச் சரிபார்க்கிறோம் என்று சொல்லலாம் என்றுதான் திட்டம். ஆனால் அவர் குரலில் பொய் நிற்காது, உண்மையைச் சொல்லிவிட்டார். முதலாளி சாவியைக் கொடுத்து, எனக்கும் ஒரு நாற்காலி போட முடியுமா என்று கேட்டாராம். பிறகு பார்க்கலாம் என்றோம்.

முதல் ஞாயிறு நாங்கள் நூல் பெட்டிகளின் மேல் வட்டமாக உட்கார்ந்தோம். இசக்கிமுத்து மெஷினைப் போட்டார். தரை நடுங்கியது. சித்ரகலா மேடம் வரவேற்புரை சொன்னார், உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அவரும் கத்தினார். படித்த அம்மா, அழகாகக் கத்தினார்.

யார் பேசுகிறீர்கள் என்று கேட்டதும், யாருமே எதிர்பார்க்காமல் முனவர் பேகம் எழுந்தார். ஐந்து மாதம் வாயைத் திறக்காதவர். மூச்சை இழுத்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தினார்.

"பதினோரு மாசமா என் நாத்தனா என் ஊட்டுல இருந்துக்கிட்டு நான் படுத்ததும் ஃபேனை அணைச்சுப் போடறா! எனக்கு வேர்க்குதுன்னு ஒருத்தருமே கேக்கறதில்லீங்க!"

முடித்ததும் அவரே சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே மறுபடி ஒரு தடவை கத்தினார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து, ஃபேனை அணைக்கிறாள், உங்களுக்கு வேர்க்கிறது என்று திருப்பிக் கத்தினோம். நான் என் பூட்டைப் பற்றிக் கத்தினேன். உண்மையைச் சொன்னால், அதைக் கத்திச் சொன்னபோது எனக்கே அது கொஞ்சம் கிறுக்குத்தனமாகக் கேட்டது, அது நல்லதுதான் என்று மேடம் கத்தினார். அன்றைக்குப் போல நான் வாழ்நாளில் லேசாக வீடு போனதில்லை. வராமல் நின்ற இரண்டு பேரும் அடுத்த வாரம் வந்தார்கள்.

இதிலெல்லாம் இசக்கிமுத்து மட்டும் தன் கதையைச் சொல்லவில்லை. நெஞ்சு அடிப்பதைச் சொல்வார், மூச்சு முட்டுவதைச் சொல்வார். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டால் நூல் ரகத்தைப் பற்றி ஏதாவது ஆரம்பித்துவிடுவார். நாங்களும் அவரை வற்புறுத்தவில்லை.

ஆறாவது ஞாயிறு, யாரோ பேசிக்கொண்டிருந்தபோது மெஷினில் நூல் அறுந்தது. நூல் அறுந்தால் சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் தானே நின்றுவிடும். சட்டென்று அப்படி ஓர் அமைதி. இசக்கிமுத்து பழக்கத்தில் எழுந்து போய் நூலை முடிந்தார். பட்டன் மேல் விரல் வைத்தார். அமுக்கவில்லை. முதுகை எங்களுக்குக் காட்டியபடி அப்படியே நின்றார். அவர் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் கேட்கவில்லை.

அப்போது நான் சொன்னது எனக்கே ஆச்சரியம்.

"இசக்கி, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. கேக்கலீங்க."

அவர் திரும்பினார். அவரிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெரியகருப்பன் என்று அவருக்கு ஒரு கூட்டாளி. ஒரே ஊர், ஒரே வருடம் திருப்பூர் வந்தவர்கள், பக்கத்துப் பக்கத்து மெஷின். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு இருவரும் டவுனுக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பியிருக்கிறார்கள். ஜன்னலோரம் பெரியகருப்பன் தலையைச் சாய்த்துக்கொண்டார். இசக்கிமுத்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்திருக்கிறார், மெஷினைப் பற்றி, மேஸ்திரியைப் பற்றி, ஊர்க் கோயில் கொடையைப் பற்றி. இறங்குகிற இடம் வந்ததும் தோளைத் தட்டினார். பெரியகருப்பனின் உயிர் எப்போதோ போய்விட்டிருந்தது.

"என் சத்தத்துக்குத் தெருவே முழிச்சுக்கிடும் அண்ணாச்சி. அவன் முழிக்கலயே. தூங்குதான்னு நெனச்சு நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வந்தேன். அவனுக்கு வலிச்சதாங்கிறதுகூட எனக்குத் தெரியாது."

இதை அவர் கத்தவில்லை. எங்களைப் போலத்தான் சொன்னார். முனவர் பேகம்தான் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னார்.

"சாகற நேரத்துல தெரிஞ்ச கொரலு ஒண்ணு பக்கத்துலயே கேட்டுட்டு இருந்திருக்குதுங்க அவருக்கு. தனியாப் போகலீங்க."

இசக்கிமுத்து நூல் பெட்டியில் உட்கார்ந்து அழுதார். அழுகை மட்டும் பழைய சத்தத்தில்தான் வந்தது. மூன்று தெரு தள்ளி பேக்கரியில் கேட்டதாகக் கிட்டுசாமி பிறகு சொன்னார், எதற்கென்று மட்டும் அவர் விசாரிக்கவில்லை. நாங்கள் ஒருவரும் அவரை அடக்கவில்லை. அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அடுத்த ஆள் பேசலாம் என்றார். பேசினோம். மணி ஆறு ஆகிற வரை யாரும் மெஷினைப் போடவில்லை.