எஞ்சின் பெட்டியின் சூடு

திருகோணமலையில் பழைய லோஞ்ச், அதாவது எஞ்சின் வைத்த படகு, வாங்கப் போகிற ஆண்கள் எஞ்சினைக் காதால் பார்ப்பார்கள். ஓடவிட்டு, தலையைச் சரித்துக் கேட்டு, "நல்ல சத்தம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். நான் பார்த்தது அதன்மேல் உட்கார்ந்து. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை, ஏனென்றால் நான் பார்த்ததுதான் சரியாக இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் மூதூருக்கும் திருகோணமலைப் பட்டினத்துக்கும் இடையில் சாமான் ஏற்றுகிற ஒரு லோஞ்சில் பதினொரு வருடமாகச் சுக்கான் பிடித்தவர். லோஞ்சின் சொந்தக்காரர் ஒருநாள் இவரைக் கூப்பிட்டு, மாத முடிவோடு அந்த வேலையைத் தன் மருமகன் பார்ப்பான் என்று சொல்லிவிட்டார். மருமகனுக்கு அலையைக் கண்டால் வாந்தி வரும் என்பது துறைமுகம் முழுக்கத் தெரிந்த விஷயம். இவர் லிங்கநகரில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"இனி ஒருத்தற்றை லோஞ்சிலையும் கைகட்டி நிக்க என்னாலை ஏலாது" என்றார்.

சொந்தமாக ஒன்று வாங்குவதென்று அன்றைக்கே முடிவாயிற்று. தாலியைத் தவிர என் நகைகள் எல்லாம் போயின. நான் அழவில்லை. ஆனால் இன்னொரு தடவை விற்க எங்களிடம் ஒன்றும் இல்லை என்பது மட்டும் நெஞ்சில் உறைத்தது. புது எஞ்சினைக் கண்ணால் காணமுடியாத காலம். உதிரிப்பாகம் ஒன்றுக்காகக் கொழும்பில் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். பழசுதான் வாங்க வேண்டும், அதன் எஞ்சின் பழுதென்றால் இவர் மறுபடி யாரோ ஒருவரிடம் போய் வேலை கேட்க வேண்டும்.

அன்புவழிபுரத்துத் தரகர் ஒருவர் சைக்கிளில் வந்து, விலைக்கு ஒரு லோஞ்ச் இருப்பதாகச் சொன்னார். என் கணவர் செய்த முதல் வேலை பஞ்சாங்கத்தை விரித்தது. "வியாழக்கிழமை பத்து மணி பன்னிரண்டு நிமிசத்துக்கு நேரம் நல்லாயிருக்கு. அந்த நேரத்துக்கே வாறம் எண்டு சொல்லிவிடுங்கோ" என்றார். தரகர் அதைச் சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். வீடு பார்ப்பதென்றாலும் மாப்பிள்ளை பார்ப்பதென்றாலும் எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்லி அனுப்புவோம். எனக்கும் அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை.

நகை என்னுடையது, ஆகவே நானும் வருவேன் என்று சொல்லி அவரோடு போனேன். காலையிலிருந்தே தூறல். லோஞ்சுக்குப் புதுப் பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். இவரும் தரகரும் அதை விற்கிற லோஞ்ச்காரரும் முன்னால் நின்று கதைக்கத் தொடங்க, தரகர் லோஞ்சின் நடுவில் எஞ்சினை மூடியிருந்த மரப்பெட்டியைக் காட்டி, "நீங்கள் இதிலை இருங்கோ தங்கச்சி" என்றார். இருந்தேன். கொஞ்ச நேரத்தில் எழும்பினேன். மரப்பலகையையும் சேலையையும் தாண்டிச் சூடு ஏறியது.

அந்த நேரம் பார்த்து லோஞ்ச்காரர் சொன்னார்: "இண்டைக்கு இன்னும் ஸ்டார்ட் பண்ணேல்லை. நீங்கள் வாற நேரத்துக்கெண்டுதான் வைச்சிருக்கிறன்."

ஹாண்டிலை ஒரு சுற்றுத்தான் சுற்றினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. என் கணவரின் முகம் கலியாண வீட்டு முகமாக மாறிவிட்டது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பிறந்தது கிளிவெட்டியில். அங்கே நெல் ஆலையில் டீசல் எஞ்சினைப் பார்த்துக்கொண்டவர் என் அப்பா. அவர் எனக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் சொல்லித் தரவில்லை, ஆனால் அவர் வைத வசவு அத்தனையும் எனக்குப் பாடம். காலையில் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும், அப்பா கொதித்துக்கொண்டு நிற்பார். வெள்ளைப் புகைக்கு ஒரு வசவு, நீலப் புகைக்கு அதைவிடக் கெட்ட வசவு. அதே எஞ்சின் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே சுற்றில் ஓடும், அப்பா தேவாரம் முணுமுணுப்பார். சூடாக இருக்கிற எஞ்சின் தன் வருத்தம் எதையும் வெளியில் காட்டாது என்பது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும்.

வீட்டுக்குப் போகும் வழியில் பெட்டி சூடாக இருந்ததை இவரிடம் சொன்னேன்.

"பெட்டி சூடு எண்டால், அது வெயிலுக்கு" என்றார்.

"வெயில் எங்கையப்பா? குடை பிடிச்சுக்கொண்டெல்லோ போனனாங்கள்."

கையிலிருந்த குடையைப் பார்த்தார். "அப்ப அந்த மனுசன் பொய்யே சொன்னவர்?"

"நிமிசக் கணக்கிலை சொல்லி அனுப்பினது நீங்கள். அவர் ஒரு மணித்தியாலம் முந்தி ஓட்டிச் சூடாக்கி வைச்சிருக்கிறார். நாங்கள் திங்கட்கிழமை ஏழரைக்குப் போவம்."

இவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது மணிவரை ராகு காலம்.

"வாங்க இல்லை, பாக்கத்தான்" என்றேன். "அந்த நேரத்திலை ஆரும் வருவினம் எண்டு அவர் கனவிலையும் நினைக்கமாட்டார்."

இரண்டு நாள் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். ராகு காலம் முடியும்வரை தன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது, பேசுவதெல்லாம் நான்தான் பேச வேண்டும். எனக்கு அது தண்டனையே இல்லை.

நாங்கள் போனபோது லோஞ்ச்காரர் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், இவருடைய நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், பிறகு நேரத்தைப் பார்த்தார்.

"இப்ப ராகு காலமெல்லோ?"

"ஓம். நாங்கள் வாங்க வரேல்லை. இவருக்கு இன்னொருக்கா அந்தச் சத்தத்தைக் கேக்கவேணுமாம்."

பெட்டியில் உள்ளங்கையை வைத்தேன். தண்ணீர்ப்பானை போலக் குளிர்ந்திருந்தது. அவர் ஹாண்டிலைச் சுற்றினார், சுற்றினார், வேர்த்து வழிந்தது. கடைசியில் டீசலில் நனைத்த துணியைக் கொளுத்தி, எஞ்சின் காற்றை இழுக்கிற வாயில் பிடித்தார். எஞ்சின் இருமிக்கொண்டு எழும்பியது. முதலில் வெள்ளைப் புகை, அதன் பின்னால் நீலப் புகை. வெள்ளை போய்விட்டது, நீலம் போகவேயில்லை. பக்கத்து வள்ளத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறக்கச் சொன்னேன். அதற்குள்ளிருந்தும் புகை குபுகுபுவென்று தள்ளியது. உள்ளே எல்லாம் தேய்ந்து முடிந்திருந்தது.

"குளிரெல்லோ தங்கச்சி, சூடானால் சரிவந்திடும்" என்றார்.

"ஓம், வியாழக்கிழமை சரியாத்தான் இருந்தது" என்றேன்.

என் கணவர் வாய் திறக்கவில்லை. ஆனால் ராகு காலத்தில் ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷமாக நின்று நான் பார்த்ததில்லை.

மூதூரில் ஒரு முஸ்லிம் பெரியவரிடம் இன்னொரு லோஞ்ச் இருந்தது, காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். வர்ணம் உரிந்து, பலகை வெளுத்துக் கிடந்தது. அந்தக் கோலத்தைக் கண்டுதான் இவர் அதை முதலில் வேண்டாம் என்று விட்டிருந்தார். எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டு அனுப்பினோம். "எஞ்சின் எங்கயும் ஓடிப்போகாது, நீங்க வந்த நேரம் பாருங்க" என்று பதில் வந்தது. அந்தப் பதிலிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு விடியற்காலை போனோம். நான் எஞ்சினில் கை வைத்ததைக் கண்டு காக்கா சிரித்தார். "நல்லாப் பாருங்க தங்கச்சி. ஒரு குறை இருக்கு, தண்ணிப் பம்பு ஒழுகும். மத்தப்படி ஒண்டும் இல்ல."

எஞ்சின் குளிர்ந்துதான் இருந்தது. மூன்றாம் சுற்றில் பிடித்தது. கறுப்பாகக் கொஞ்சம் புகைத்து, காக்கா ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடுவதற்குள் தெளிந்தது. எண்ணெய் அளக்கிற கம்பியை இழுத்து, அதில் ஒட்டியிருந்ததை விரலில் தேய்த்தேன். கறுப்பு, ஆனால் பால் கலந்த மாதிரி வெளுக்கவில்லை, ஆகவே தண்ணீர் உள்ளே போகவில்லை. மூடியைத் திறந்து கையை மேலே பிடித்தேன். வெறும் வெதுவெதுப்பு. பிறகு என் கணவர் லோஞ்சைக் கயிற்றால் இறங்குதுறையில் கட்டி, கியரைப் போட்டு, அரை மணித்தியாலம் இழுக்க விட்டார். தூண் முனகியது, கயிறு விறைத்து நின்றது, எஞ்சின் மூச்சு வாங்கவில்லை. பம்பு மட்டும் சொன்னபடி ஒழுகியது.

அன்றைக்கு ராகு காலமும் இல்லை, இவருக்கு வாய்ப்பூட்டும் இல்லை. இருந்தும் தானே முடிவு சொல்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"எடுப்பமோ?" என்று கேட்டார். காக்காவுக்கு முன்னால், துறையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், என்னைக் கேட்டார்.

விற்ற நகை முழுவதும் அந்த ஒரு சொல்லில் என் கழுத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. "எடுங்கோ" என்றேன்.

முதல் ஓட்டத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்தார். நான் தடுக்கவில்லை, எஞ்சின் நல்லதென்றால் எல்லா நேரமும் நல்ல நேரம்தான். மாதம் முடிந்து மறுநாள், மூதூரிலிருந்து நெல் மூட்டைகளோடு வந்தபோது அவர் முன்பு சுக்கான் பிடித்த லோஞ்ச் எதிரே வந்தது. மருமகன் பக்கவாட்டில் குனிந்து கடலுக்குக் காணிக்கை செலுத்திக்கொண்டிருந்தான். என் கணவர் மரியாதையாகக் கையைத் தூக்கினார். நான் மூட்டைகளின்மேல் ராணி மாதிரி இருந்தேன், அதை மறைக்கவா முடியும்.

பச்சை லோஞ்சை யாரோ ஒருவர் நல்ல நேரம் பார்த்து வாங்கிவிட்டார். அது நடுக்கடலில் நின்றபோது இரண்டு தடவை நாங்கள்தான் கட்டி இழுத்து வந்தோம். வாங்கியவர் பாவம், எத்தனை மணிக்குப் போய்ப் பார்த்தீர்கள் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்க வாய் துடித்தது என்பது உண்மை.

பிறகு லோஞ்ச் வாங்குகிறவர்கள் எங்களைத் தேடி வரத் தொடங்கினார்கள். இவர் காதால் பார்ப்பார், நான் பெட்டியில் இருப்பேன். கதை பரவிவிட்டது. ஒருநாள் ஒரு லோஞ்ச்காரர் என்னைத் தூரத்தில் கண்டதும் ஓடிப்போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து இறங்குதுறையில் போட்டார்.

"இதிலை இருங்கோ அக்கா, அங்கை அழுக்கு."

நான் கதிரையைச் சுற்றிக்கொண்டு போய் எஞ்சின் பெட்டியில் இருந்தேன். உடனே எழும்பினேன். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நாங்கள் இன்னொரு நாளைக்கு வாறம்" என்றார்.

"எத்தினை மணிக்கு வருவீங்கள் அண்ணை?" என்று லோஞ்ச்காரர் கேட்டார்.

"அதைச் சொல்லமாட்டம்" என்றார், பத்து மணி பன்னிரண்டு நிமிடம் என்று சொல்லி அனுப்பிய மனிதர்.