கருவாடும் ஏழு கட்டிகளும்

கருவாடு தின்றதற்காக முருகன் என் மார்பில் கட்டி முளைக்கவைத்தான் என்று முழுதாக ஒரு மாதம் நம்பினேன். சிரித்துக்கொள்ளுங்கள். இந்த மொரீசியஸில் காவடிக்குப் பத்து நாள் சுத்த விரதம். கிரியோலில் சண்டைபோட்டு, பிரெஞ்சில் கடிதம் எழுதும் அண்டைவீட்டார்கூட அந்தப் பத்து நாளும் தமிழராகிவிடுவார்கள். தஞ்சாவூரிலிருந்து கப்பலேறி வந்த அசல் தமிழன் நான்தான், ஏழாம் நாள், காத்ர் போர்ன் சந்தையில் கருவாட்டு வறுவலுக்கு மயங்கினேன்.

காவடி முடிந்து சில நாளில் இடமார்பில் சிவப்பாக, கல்லாட்டம் நாலு கட்டி. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. விபூதி பூசினேன். ஏழாயிற்று. அழாத குறையாக மனைவியிடம் கருவாட்டை ஒப்புக்கொண்டேன். அவள் இந்தத் தீவில் பிறந்தவள்.

"அயோ, ஊ ஃபூ!" என்றாள். பைத்தியமாம். மீதியையும் கிரியோலிலேயே கொட்டினாள். "காவடிக்கு அலகு ஊசி குத்தினது வலப்பக்கம். கட்டி வந்தது இடப்பக்கம். உங்க முருகனுக்குப் பக்கம் தெரியாதா?"

"எதிரே நிக்கிறவனுக்கு வலம் இடமாத்தான்டி தெரியும்!"

அவள் சிரிக்கவில்லை. பழைய தழும்பின்மேல் விரலை வைத்தாள். "இந்தப் பக்கம் ஏன் ஊசி குத்தலைன்னு மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. மறக்கத்தான் முருகனைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது ஆண்டுக்கு முன் அந்த மார்பைப் புற்றுநோய் என்று அறுத்தெடுத்தார்கள். "ஆம்பிளைக்கு மார்பிலா?" என்று டாக்டரோடு மல்லுக்கு நின்றவன் நான். ஊருக்கு எழுதிய கடிதத்தில் குடலிறக்கம் என்று புளுகினேன். உறவினர்கள் இப்போது மன்னிக்கவும்.

இந்த முறை புது டாக்டர். "தெப்பி கான்?" என்றார், எப்போதிலிருந்து என்று. கருவாடு தின்ற அன்றிலிருந்தே கணக்குவைத்து, விரதத்தின் ஏழாம் நாளிலிருந்து என்றேன், என் ஓட்டைக் கிரியோலில். ஏழு நாளாகப் பட்டினி கிடக்கிறேன் என்று புரிந்துகொண்டு, நர்சிடம் ரொட்டி கொண்டுவரச் சொன்னார். மறுக்காமல் தின்றேன். அப்புறம் சட்டையைக் கழற்றினேன். தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கட்டியை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

அந்த வாரம்தான் இங்கே சுதந்திரம் வந்து புதுக் கொடி ஏற்றினார்கள். நீ இனி எந்த நாட்டுக்காரன் என்று கடையில் கேட்டார்கள். "என் இடமார்பு ஒன்பது வருஷமா இந்த மண்ணுக்குள்ளே குடியிருக்கு. மிச்சம்தான் இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. கருவாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே பழைய புற்றுநோய், தோலில் திரும்பி வந்திருக்கிறது.