மோசேயின் பெட்டிக்கு மூன்று தடவை புல் அறுத்தது

நாணல் என்ற சொல்லைக் கேட்டால் இப்போதும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். பக்தியெல்லாம் அப்புறம்தான். ஒன்பது வயதில், காலாண்டு விடுமுறையையும் அதைச் சுற்றி வந்த ஞாயிறுகளையும் அந்தப் புல்லுக்காகத் தொலைத்தவள் நான்.

காரணம் என் அத்தை, அப்பாவின் அக்கா. முதலிபாளையம் பக்கம் இருந்த எங்கள் சின்னச் சபையில் ஞாயிறு பள்ளி நடத்தியவர் அவர்தான். அவர் கணவர், எங்கள் மாமா, தங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் பத்து மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பா அங்கே கட்டிங் மாஸ்டர். அம்மா ஓவர்லாக் மெஷினில். தம்பிக்கு அப்போது ஐந்து மாதம். காலையில் அம்மா அவனோடு வேலைக்கு வந்ததும் அத்தை படியிறங்கி வந்து வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். டீ இடைவேளையில் அம்மா மேலே ஓடிப் பால் கொடுத்துவிட்டுக் கீழே ஓடி வருவாள். அத்தைக்குப் பிள்ளை இல்லை. எனக்கு இது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. அவனைத் தூக்கி வைத்துக்கொள் என்று யாரும் என்னைச் சொல்லவில்லையே!

அந்த வருடம் ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவுக்கு மோசே பிறந்த கதையை நாடகமாகப் போடுவது என்று அத்தை முடிவு செய்தார். எபிரெயர்களின் ஆண் குழந்தைகளை ஆற்றில் போடும்படி எகிப்து ராஜா உத்தரவு போடுகிறான். ஒரு தாய் தன் பிள்ளையைக் காப்பாற்ற ஒரு நாணற்பெட்டிக்குள் வைத்து, ஆற்றோர நாணலுக்கு நடுவே விட்டுவிட்டுப் போகிறாள். குளிக்க வந்த ராஜாவின் மகள் அவனைக் கண்டெடுக்கிறாள். மறைந்து நின்ற அக்காள் ஓடிவந்து, பால் கொடுக்க ஆள் கூட்டி வரட்டுமா என்று கேட்டு, பெற்ற தாயையே கூலிக்கு அழைத்து வருகிறாள். அக்காள் நான். ராஜாவின் மகள் அத்தை. தாயாக நடிக்கப் பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி. பிள்ளை, என் தம்பி.

"பொம்மைய வெச்சுக்கலாமுங்களே அண்ணி?" என்று அம்மா கேட்டாள்.

"பொம்மையப் பாத்து யாருக்குக் கண்ணுல தண்ணி வரும்?" என்றார் அத்தை. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிள்ளை நிஜம் என்றால் பெட்டியும் நிஜமாக இருக்க வேண்டுமாம். கடையில் விற்கும் மூங்கில் கூடை ஆகாது. நாணலில்தான் முடைய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு நொய்யல் கரைக்குப் போனார். ஆற்றில் அந்த வாரம் சாயப்பட்டறைகள் விட்டது எந்தச் சாயமோ, தண்ணீர் ஊதா நிறத்தில் இருந்தது. ஓரத்தில் ஆள் உயரத்துக்குப் புல். அப்பா அறுத்துப் போட, நான் கட்டுக் கட்ட, இரண்டு பேருக்கும் கால் ஊதாவாகி வீடு வந்து சேர்ந்தோம்.

அத்தை புல்லின் நுனியைப் பார்த்தார். பழுப்பாகத் தடித்துத் திரி போல இருந்தது. "இது சம்பு. நாணலுக்குப் பூ வெள்ளையா இருக்கும். இது கூடத் தெரியாதா?"

மறுவாரம் வெள்ளைப் பூ. அதன் இலை அரிவாளைவிடக் கூர்மை. என் இரண்டு முழங்கையிலும் கீறல். அத்தை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்து முடையத் தொடங்கினார். வளைத்தால் பட்டென்று முறிந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் முறிந்தது. நெரிந்த நாணலைக்கூட ஆண்டவர் முறிக்க மாட்டார் என்று வேதத்தில் எழுதியிருப்பதையும், அது மனசு உடைந்தவர்களைப் பற்றிய வார்த்தை என்பதையும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே மூன்றாவதை முறித்தார்.

"ஆண்டவரு முறிக்கலீங்கக்கா. தானாத்தான் முறியுது" என்றார் அப்பா. அத்தை அவரை முறைத்தார்.

வழக்கு பாஸ்டரிடம் போயிற்று. அவர் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு, நைல் நதியில் வளர்ந்தது நம் ஊர் நாணலே இல்லை என்றார். அது கோரை இனமாம். தண்டு மூன்று பட்டையாக, ஆளைவிட உயரமாக வளருமாம். அதை வைத்துப் படகு கட்டினார்கள், பாய் பின்னினார்கள், பட்டை உரித்து அடுக்கித் தட்டி எழுதுவதற்குத் தாள் செய்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். "மோசே காலத்துல அதுதானுங்க பெட்டிக்கு ஆகியிருக்கும். நீங்க கோரையிலயே பண்ணலாமுங்க."

இதை இரண்டு வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் என் முழங்கை தப்பித்திருக்கும்.

மூன்றாம் தடவையாகப் புல் அறுக்கப் போனோம். அத்தை அதோடு விட்டாரா? பாஸ்டர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, தானும் நாலு சேர்த்து, 'வேதத்தில் நாணல்' என்று எனக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்தார் அத்தை. நாடகத்துக்கு முன்னால் நான் ஒப்பிக்க வேண்டும். தூதர்கள் போன படகு. எழுதுகிற கோல். ஆலயத்தை அளந்த கோல். முள்முடி சூட்டிய ஆண்டவரின் கையில் கேலிக்குச் செங்கோலாகக் கொடுத்த கோல். சிலுவையில் தாகம் என்றவருக்குக் காடியில் தோய்த்த கடற்காளான் பஞ்சை நீட்டியதும் அதே கோல்தான். காற்றில் அசையும் நாணல் திடமில்லாத மனிதனுக்கு அடையாளம். ஊன்றினால் கையில் குத்தும் நாணல் நம்ப முடியாத துணைக்கு அடையாளம். ஒரு புல்லுக்கு இத்தனை வேலையா என்று நான் அழுதே விட்டேன். "அளுவாத கண்ணு, ஆண்டவருக்காகத்தான" என்றார் அத்தை, நோட்டை விடாமல்.

பெட்டியைக் கடைசியில் முடைந்தது அம்மா. அத்தை முடைந்ததெல்லாம் பிரிந்து பிரிந்து போக, அம்மா கோரையைத் தண்ணீரில் ஊறவைத்து, வேலை முடிந்து வந்து தினமும் கொஞ்சமாகப் பின்னினாள். அடிப்பாகத்தை மூன்று அடுக்காகப் பின்னி, அதற்குள் அரிசி மூட்டையை வைத்துத் தூக்கிப் பார்த்தாள். வேதத்தில் கீல் பூசியதாக இருக்கிறதே என்று மாமா எங்கிருந்தோ ஒரு டப்பா தார் கொண்டு வந்தார். என் ஒரே நல்ல கவுனில் அது ஒட்டிக்கொண்டது. உள்பக்கம் தார் படக் கூடாது என்று மட்டும் அம்மா பிடிவாதமாக நின்றாள். உள்ளே வெள்ளைப் பனியன் துணியை நாலாக மடித்துத் தைத்தாள்.

விழா ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு நடந்தது. தரையில் நீலத் துணியை விரித்து நைல் நதி. பக்கெட்டுகளில் மணல் நிரப்பி நாணல். அத்தனை அடையாளத்தையும் ஒரு பிழையும் இல்லாமல் ஒப்பித்துவிட்டுப் பக்கெட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். இனி என் ஒரே வசனம்தான் பாக்கி.

அத்தை பட்டுச்சேலையில் வந்தார். பெட்டியைத் திறந்தார். தம்பி அவரைப் பார்த்துச் சிரித்தான். தினமும் பார்க்கிற முகம்தானே. 'இது எபிரெயருடைய பிள்ளை' என்று அத்தை சொன்னதும் நான் ஓட வேண்டும். அத்தை அதைச் சொல்லவில்லை. அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சபையைப் பார்த்து, "இனிமே இவன் எம்பையன்" என்றார். நோட்டில் அப்படி ஒரு வசனமே கிடையாது. ஓடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நான் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் இருந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். நைல் நதியின்மேல் நேராக நடந்து வந்து கையை நீட்டினாள்.

"பையன் அளுவுறானுங்க அண்ணி. குடுங்க."

அவன் அழவே இல்லை! அத்தையின் தாலிக்கொடியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தான். அத்தை கொடுக்காமல் ஒரு நிமிடம் நின்றார். அம்மா அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து அவனை வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

எனக்கு வந்ததே கோபம். "அம்மா! இன்னும் ரெண்டு நிமிசந்தான் இருக்குது!" என்று கத்தினேன். சபை சிரித்தது. அம்மா திரும்பவில்லை. அத்தை பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த மாதிரியே கையை மடக்கிக்கொண்டு நின்றார். நான் அவருடைய சேலையை இழுத்து, "அத்தை, அடுத்த வசனம், அடுத்த வசனம்" என்று நச்சரித்தேன். பாஸ்டர் எழுந்து ஜெபம் செய்வோம் என்றார்.

அம்மா மறுநாளிலிருந்து மாமாவின் யூனிட்டுக்குப் போகவில்லை. தொழிற்பேட்டையில் வேறொரு பனியன் கம்பெனியில் சேர்ந்தாள். தம்பி அங்கே மெஷினுக்குப் பக்கத்தில், வேஸ்ட் துணி போட்ட அட்டைப்பெட்டியில் கிடந்து வளர்ந்தான். அத்தை இரண்டு வருடம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நாடகத்தைக் கெடுத்ததால் வந்த சண்டை என்றுதான் நான் நினைத்தேன். கெடுத்தவள் அம்மாதானே என்று எனக்கு அத்தைமேல் பரிதாபம்கூட உண்டு.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அப்பா சொன்னார். தம்பியை அத்தைக்குத் தத்துக் கொடுப்பது என்று அவரும் அத்தையுமாகப் பேசி முடித்திருந்தார்களாம். நாடகம் முடிந்ததும் சபை முன்னால் ஜெபித்து ஒப்படைப்பதாக ஏற்பாடாம். "உங்கம்மா வேண்டாம்னு சொல்லலியே கண்ணு" என்றார். சரி என்று சொன்னாளா என்று கேட்டேன். அவர் எழுந்து வண்டிச் சாவியைத் தேடப் போனார்.

விழா அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா மொபெட்டில் ஏறவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தாள். நான் அழுதுகொண்டே பக்கத்தில் ஓடினேன்.

"அடுத்த சீன்ல நான் போயி மோசேயோட அம்மாவக் கூட்டிட்டு வருவேன்ல? அம்மாகிட்டயேதான குடுப்பாங்க? பால் குடுக்கறதுக்குச் சம்பளமும் தருவாங்க. அதுக்குள்ள ஏம்மா வந்த?"

அம்மா நடந்துகொண்டே கேட்டாள். "அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் ஒண்ணுமில்லை. எல்லாரும் வரிசையா நின்னு பாட்டுப் பாடுவோம்."

வேதத்தில் அதற்குப் பிறகும் ஒரு வரி இருக்கிறது. பிள்ளை பெரிதானதும் அந்தத் தாய் அவனைக் கொண்டுபோய் ராஜாவின் மகளிடம் விட்டுவிடுகிறாள். அவன் அவளுக்கு மகனாகிறான். அத்தையின் நோட்டில் அந்த வரி இல்லாததால் நான் படித்திருக்கவில்லை.